தண்ணி யூரியாவுக்கு ஒரு ஏசி

ஏனுங் தம்பி, அந்த ஜன்னலைச் சித்த இறக்கி விட்டுக்கறீங்களா, சாரல் மேல அடிக்குது. ஆங், போதும் போதும், முழுசா மூடிப்போடாதீங்க. நானுங்க ஊதியூர் போறேன். நீங்க தாராபுரமா? அப்பச் சரி. நான் எறங்கற வரைக்கும் நீங்க எங்கயும் எந்திரிச்சுப் போக மாட்டீங்க.

தப்பா நெனைக்கலீன்னா ஒரு நாயம் கேக்கறேன். படிச்சவராட்ட இருக்கறீங்க. ஒரு பொருளைக் காசு குடுத்து வாங்கியாந்தா, அதைக் கெட்டுப்போகாம வெச்சிருக்கறது தப்புங்களா? நான் செஞ்சது அத்தனைதான். அதுக்குப் போயி என்ற ஊட்டுக்காரி வைகாசியில பொறந்த ஊட்டுக்குப் போனவ, இப்பக் கார்த்திகை, ஆறு மாசமாச்சு, இன்னும் வரலீங்க. அவளைக் கூட்டியாரத்தான் போறேன். இது மூணாவது தடவை.

எம்பேரு நாச்சிமுத்துங்க. கோபிக்குப் பக்கத்துல மூணு ஏக்கரா வாழை. ஊட்டுக்காரி பேரு சாரதாமணி. ஒரே புள்ளை, கட்டிக்குடுத்து ஓசூர்ல இருக்குது. ஊட்டுல நாங்க ரெண்டு பேருந்தான், ரெண்டு மாடு. ஒரு சண்டை சச்சரவு கெடையாதுங்க. அவ பேசவே மாட்டா, அப்பறம் சண்டை எங்கிருந்து வரும்?

தை மாசம் உரக்கடைக்குப் போனனுங்க. வாழைக்குத் தழைச்சத்து வெக்கோணும், யூரியா ரெண்டு மூட்டை போட்டுக்கிட்டு வந்தரலாம்னுதான் போனேன். கடைக்காரர் தனசேகரன்னு, நல்ல மனுசன், பேச்சு நாயம் மட்டும் கொஞ்சம் எச்சா இருக்கும். மூட்டை யூரியா லோடு வரலைங்க, தண்ணி யூரியா வந்திருக்குது, சொட்டுநீர்க் குழாயிலயே கலந்து விட்டறலாம், ஆளே தேவையில்லைன்னாரு. அம்பது லிட்டரு கேனு, ஆயிரத்தி எண்ணூறு. எனக்கு நாலு கேனு இருந்தா அந்த வெள்ளாமைக்கே போதும். நாலு எடுத்துக்கிட்டு வந்திருந்தன்னா நான் இன்னைக்கு இந்த பஸ்ஸுல இல்லீங்க.

வண்டியில ஏத்தற நேரத்துக்கு அவரு பக்கத்துல வந்து, காதுக்குள்ள சொன்னாரு. பங்குனியில இது ரெண்டாயிரத்தி நானூறு ஆகும், சித்திரையில மூவாயிரத்தைத் தொட்டாலும் தொடும், வெளிய சொல்லாதீங்கன்னு. அதைக் கேட்டுப்போட்டு நாலே கேனோட ஊட்டுக்கு வர யாருக்காவது மனசு வருமுங்களா? நாப்பது எடுத்தேன். வேற யாருக்காவது சொன்னீங்களான்னு கேட்டேன், உங்களுக்கு மட்டுந்தானுங்கன்னாரு. அந்த வாரம் எங்கூர்ல பதினோரு பேரு எடுத்திருந்தாங்க, அது அப்பறந்தான் தெரிஞ்சுது.

மொதல்ல மாட்டுக் கட்டுத்தரையில, தகரக் கொட்டகைக்குள்ள அடுக்குனோம். மாட்டுக்குக் கண்ணுல தண்ணி வருதுன்னு சாரதா சொன்னா. மாட்டைப் புடிச்சு மரத்தடியில கட்டுனேன். அவ எட்டாவது வரைக்கும் படிச்சவ, ஒரு கேனைத் திருப்பித் திருப்பிப் பாத்து அதுல எழுதியிருந்ததையெல்லாம் படிச்சா. வெயில் படாத குளிர்ச்சியான எடத்துல வெக்கோணுமாம், முப்பது டிகிரிக்கு மேல போகக்கூடாதாம். தேதியும் போட்டிருக்குதுங்க, அக்டோபரு வரைக்குந்தான்னா. அக்டோபருக்கு எத்தனை நாள் கெடக்குது, மொதல்ல அந்த முப்பது டிகிரிக்கு வழி பாக்கலாம்னு நான் சொன்னேன்.

மாசி பொறந்துச்சு. எங்க பக்கத்துல மாசியில முப்பது டிகிரி எங்கீங்க இருக்குது? தகரக் கொட்டகையில கேனுக வகுறு உப்பிப்போயி நின்னுதுக. ஒண்ணு மூடி தெறிச்சு வெடிச்சே போச்சு. பக்கத்துத் தோட்டத்துக்காரரு வேலியோரம் மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னு, ஏனுங்க, மாடு கீது செத்துப் போச்சுங்களான்னு கேக்கறாரு. அதுக்கப்பறம் ஈரச் சாக்குப் போட்டோம். முப்பத்தொம்போது சாக்கு, காலையில ஒருக்கா, பொழுதோட ஒருக்கா நனைக்கோணும். சாரதாதான் நனைச்சா. இடுப்புல கொடத்தை வெச்சுக்கிட்டு நடந்து நடந்து அவளுக்கு இடுப்பே புடிச்சுக்கிச்சு. அவ படற பாட்டைப் பாத்து எனக்கு மனசு கேக்காமத்தான் கெணத்துக்குள்ள எறக்கலாம்னு முடிவு பண்ணுனேன்.

கெணத்துக்குள்ள குளுகுளுன்னுதானுங்க இருக்கும்? கவுறு கட்டி எட்டுக் கேனை எறக்குனேன். ஒரு கேனு அவுந்து உள்ள போச்சு. போனது போனதுதான். பத்தாம் நாளு கெணத்துத் தண்ணி பச்சைப் பசேல்னு, பாசி பாய் விரிச்சாப்ல நிக்குது. நாங்க குடிக்கற தண்ணிக்கு அவ ஊர்க் கொழாய்க்கு நடக்க ஆரமிச்சா. மீதி ஏழையும் மேல தூக்கிப்போட்டேன், ஆக மிச்சம் முப்பத்தெட்டு. அதுலயும் ஒண்ணு போயிருமோன்னு எனக்கு வெசனம் புடிச்சுக்கிச்சு. சாப்பாடு எறங்கலீங்க.

அப்பறந்தான் ஏசி வாங்குனேன்.

சிரிக்காதீங்க. இதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்குது? கணக்குப் போட்டுப் பாத்துத்தான் வாங்குனேன். ஒன்றரை டன்னு, அஞ்சு ஸ்டாரு. ரூமுல எத்தனை பேரு படுப்பீங்கன்னு கடைக்காரன் கேட்டான், முப்பத்தெட்டுன்னேன். தெக்கால ரூமுல அவ தையல் மிசினு இருந்துச்சு, அதைத் தூக்கி முன்னாடி ஆசாரத்துல போட்டுப்போட்டு, ஜன்னலுக்குச் சாக்கு அடைச்சு, கேனையெல்லாம் வரிசையா அடுக்குனேன். ஏசியப் போட்டுவிட்டு அரை மணி நேரத்துல இருவத்தி நாலு டிகிரி. அந்த உப்பிப்போன வகுறெல்லாம் எறங்கிப் போச்சுங்க. எனக்கு ஒரு நிம்மதி.

இதுல என்னன்னாங்க, சாரதா நாலு வருசத்துக்கு முந்தி ஒருக்கா ஏசி கேட்டிருக்கறா. பொம்பளைகளுக்கு ஒரு வயசுல ஒடம்புல சூடு கெளம்புமாமில்ல, அது அவளுக்கு எச்சு. திடீர்னு வேர்த்து ஊத்தும். முந்தானையைத் தண்ணியில நனைச்சு மேல போட்டுக்கிட்டு ஊட்டுக்குப் பின்னாடி பொடக்காளியில போயி உக்காந்துக்குவா. ஒரு ஏசி போடலாங்களான்னு கேட்டா. நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன். ஏசி ஒடம்புக்கு ஆகாது புள்ள, மூட்டு வலி வரும், அப்பறம் மரத்தடியில கூட உக்கார முடியாதுன்னு. அவ நல்லதுக்குத்தானுங்க சொன்னேன். அதுக்கப்பறம் அவ கேக்கவே இல்ல.

இப்ப ஏசி மாட்டுனதும் கதவுகிட்ட நின்னு பாத்துக்கிட்டே, "நான் கேட்டப்ப மூட்டு வலி வரும்னீங்க"ன்னா. ஏம்புள்ள, யூரியாவுக்கு மூட்டு எங்க இருக்குதுன்னு கேட்டேன். அவ கொடத்தை எடுத்துக்கிட்டு ஊர்க் கொழாய்க்குப் போயிட்டா.

கதவைத் தொறந்து தொறந்து மூடுனா குளிர்ச்சி போயிரும், கரண்டு எச்சா இழுக்கும்னு ஏசிக்காரன் சொல்லிப்போட்டான். மனுச ஒடம்புல இருந்தே சூடு வருமாம், ஒரு ஆளு உள்ள இருந்தா மிசினு அதுக்கும் சேத்து ஓடோணுமாம். அதனால பூட்டுப் போட்டுச் சாவியை என்ற இடுப்பு அண்ணாக்கவுத்துல கட்டிக்கிட்டேன். சித்திரைக் கத்திரியில ஒருநாள் சாரதா வந்து, ஒரு மத்தியானம் மட்டும் அந்த மூலையில சித்த சாஞ்சுக்கட்டுங்களான்னு கேட்டா. வேண்டாம் புள்ள, அந்த நாத்தம் உனக்கு ஆகாதுன்னேன். அவ ஒடம்பை நான்தானுங்க பாக்கோணும், வேற ஆரு பாப்பா?

நான் மட்டும் டிகிரி பாக்க உள்ள போவேன். யாராச்சும் ஒருத்தர் பாக்கோணுமில்லீங்க. பன்னண்டு மணிக்குப் போனன்னா நாலு மணிக்கு வெளிய வருவேன். ஒரு சாய்வு நாற்காலி போட்டிருந்தேன். நின்னுக்கிட்டே எத்தனை நேரந்தான் டிகிரி பாக்கறது?

வெலைக்கு வாரேன் இருங்க. தினமும் காலையில எட்டு மணிக்குத் தனசேகரனுக்குப் போனு போடுவேன். பங்குனியில ரெண்டாயிரத்தி நூறு. சித்திரை மொத வாரம் ரெண்டாயிரத்தி நானூறு. மனுசன் சொன்னாப்லயே ஏறுதுங்க. சாரதா, வித்துப்போடுங்க, போதும்னா. மூவாயிரம் வரப்போறதை ரெண்டாயிரத்தி நானூறுக்கு விக்கறதான்னு நான் கேட்டேன். இங்க வாழை வேற தழைச்சத்துக் கேட்டுக்கிட்டு நிக்குது, எலையெல்லாம் வெளுக்குது. ஆனா ரெண்டாயிரத்தி நானூறு ரூபாய்ப் பொருளைத் தூக்கி மண்ணுல ஊத்த எந்த மடையனுக்குங்க மனசு வரும்? நான் அந்தியூர் வரைக்கும் அலைஞ்சு, ஒருத்தன் கையைக் காலைப் புடிச்சு, மூட்டை யூரியா எச்சு வெலை குடுத்து வாங்கியாந்து வாழைக்கு வெச்சேன். உரம் ஊட்டுக்குள்ள இருக்குது, நான் உரத்துக்கு ஊரு ஊராப் போறேன். அன்னைக்கு வெலை அப்படி.

எங்க பக்கம் பூ கேக்கறதுன்னு ஒரு வழக்கம் இருக்குது, உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. ஒரு சந்தேகம்னு வந்துட்டா கோயிலுக்குப் போயி கேள்வியை மனசுக்குள்ள நெனைச்சுக்கோணும். வெளிய சொல்லப்படாது. பூசாரி வெள்ளப் பூவு ஒண்ணு, செவப்புப் பூவு ஒண்ணு, தனித்தனியா எலையில மடிச்சு அம்மன் பாதத்துல போடுவாரு. கேள்வி என்னன்னு தெரியாத ஆளு ஒருத்தரு ஒண்ணை எடுத்துக் குடுக்கோணும். வெள்ள வந்தா உத்தரவு, செவப்பு வந்தா ஆகாது. நெலம் வாங்கறது, பொண்ணுப் பாக்கறது, எல்லாத்துக்கும் கேப்பம். நான் போயி, வெலை இன்னும் ஏறுமா ஆத்தான்னு கேட்டேன். வெள்ள. இப்ப வித்துப்போடலாமான்னு கேட்டேன். செவப்பு. ஒருக்கா இல்லீங்க, வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை நாலு வாரம் கேட்டேன், நாலு வாரமும் அப்படியே வந்துச்சு. இதுக்கு மேல நான் யாரைக் கேக்கோணுங்கறீங்க?

வைகாசியில மூட்டை யூரியா லோடு லோடா வந்து எறங்கிப்போச்சு. தனசேகரன், கேனு ஆயிரத்தி இருநூறுங்க, அதுக்கும் கேக்க ஆளில்லைன்னாரு. எனக்குப் பொக்குனு போச்சு. வாங்குனதைவிடக் கம்மிக்கு எப்படிங்க விக்கறது? மறுக்காவும் பூ கேக்கலாம்னு கெளம்புனேன். சாரதா, நானும் வாரனுங்க, எனக்கும் ஒரு கேள்வி இருக்குதுன்னா. எனக்குச் சந்தோசம். நாலு மாசமா வாயத் தொறக்காதவளுக்கு இப்பத்தான் வெலை மேல ஒரு அக்கறை வந்திருக்குதுன்னு நெனைச்சுக்கிட்டேன்.

என்ற கேள்விக்குக் கோயில் வாசல்ல பூ விக்கற பூக்காரம்மா எடுத்துக் குடுத்துச்சு. வெள்ள. வெலை ஏறும். அப்பறம் சாரதா கண்ணை மூடி நின்னா. ரொம்ப நேரம் நின்னா. அதுக்குள்ள பூக்காரம்மா பஸ்ஸு வந்துருச்சுன்னு போயிருச்சு, கோயில்ல வேற ஆளே இல்ல. பூசாரி என்னையப் பாத்து, உங்களுக்குத்தான் இந்தம்மாளோட கேள்வி தெரியாதுங்களே, நீங்களே எடுத்துக் குடுங்கன்னாரு. நான் எடுத்தேன். பிரிச்சா வெள்ள. எனக்குத் தலைகால் புரியல. புருசன் கேட்டாலும் வெள்ள, பொண்டாட்டி கேட்டாலும் வெள்ளைன்னா வெலை எங்க போயி நிக்கும்னு பாருங்க. பூசாரி தட்டுல நூறு ரூபாய் போட்டேன். வழியில அவளுக்குப் போண்டா வாங்கிக் குடுத்தேன். அவளும் சாப்பிட்டா. வண்டியில வாரப்ப எந்நாளும் பின்னாடிக் கம்பியத்தான் புடிச்சுக்குவா, அன்னைக்கு என்ற தோளைப் புடிச்சுக்கிட்டே வந்தா.

மறுநாள் காலையில மாட்டுக்குத் தீவனம் வெச்சா, எனக்குச் சோறாக்கி மூடி வெச்சா, பச்சைச் சீலை கட்டிக்கிட்டுப் பையோட வந்து நிக்கறா. எங்க புள்ள கெளம்பிட்டேன்னேன். "எங்கண்ணன் ஊட்டுக்குப் போறனுங்க. போகட்டுமான்னுதான் நேத்து ஆத்தாகிட்டக் கேட்டேன். உங்க கையாலதான் எடுத்துக் குடுத்தீங்க"ன்னு சொல்லிப்போட்டு நடந்துட்டா.

நான் என்னங்க பண்ணுவேன்? ஆத்தா உத்தரவு. நாமளே எடுத்துக் குடுத்திருக்கறம். ஏன் போறேன்னு கேட்டாலும் சாமி குத்தமாயிருமோன்னு கம்முனு நின்னுக்கிட்டேன். நாலு நாள்ல வந்துருவான்னுதான் நெனைச்சேன். எதுக்குப் போனான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல. மச்சானுக்கு நம்ம மேல கொஞ்சம் பொறாமை உண்டு, நாப்பது கேனு எடுத்தது காதுக்குப் போயி ஏதாச்சும் சொல்லிக் குடுத்திருப்பாரோன்னு ஒரு சந்தேகம். புள்ளை ஓசூர்ல இருந்து போனு போட்டு, ஏம்ப்பா, அம்மாவை ஒரு நாளாவது அந்த ரூமுல படுக்க விட்டிருக்கலாமில்லன்னு கேக்குது. அது சின்னப் புள்ளை, அதுக்கு உரம் வெக்கற வெவரம் என்ன தெரியும்?

ஆனியில மொத தடவை போனேன். மச்சான் நல்லாத்தான் உபசரிச்சாரு. நான் ரெண்டு மணி நேரம் வெலை நெலவரத்தை எடுத்துச் சொன்னேன். சாரதா செவத்துல சாஞ்சுக்கிட்டுக் கேட்டா. கேட்டுப்போட்டு, நாலு மணி பஸ்ஸு போயிருமுங்கன்னா. நான் வந்துட்டேன். ஊட்டுக்கு வந்து போனு போட்டு, அங்கதான் ஏசி இல்லையே, ஓட்டு வீடு, உனக்கு வேர்க்குமேன்னு கேட்டேன். "இங்கயும் வேர்க்குதுங்க. ஆனா இங்க எல்லாருக்கும் வேர்க்குது"ன்னா. எல்லாருக்கும் வேர்த்தா இவளுக்கு எப்படிங்க கொறையும்? சொன்னதுல ஒரு அர்த்தமும் இல்ல. ஆனா போனை வெச்சுப்போட்டு அன்னைக்குப் பூரா நான் சாப்பிடலீங்க.

ஆவணியில ரெண்டாவது தடவை. இந்தத் தடவை எறங்கியே போயிரலாம்னு, அண்ணாக்கவுத்துல இருந்து சாவியை அவுத்து அவ கையிலயே குடுத்தேன். இந்தா புள்ள, இனி நீயே வெச்சுக்கன்னு. சாவியை வாங்கிப் பாத்துக்கிட்டே நின்னா. அவ கண்ணு கலங்குனாப்ல இருந்துச்சு. அப்பறம், உள்ள கேனு இருக்குதுங்களான்னு கேட்டா. ஒண்ணு கொறையாம முப்பத்தெட்டும் பத்திரமா இருக்குது, நீ வெசனப்படாதேன்னு சொன்னேன். சாவியைத் திருப்பி என்ற சட்டைப் பாக்கெட்டுல போட்டுட்டுப் போயிட்டா. நல்ல சேதிதானுங்க சொன்னேன்?

பொரட்டாசி வந்துருச்சு. தேதி முடியப்போகுது. கேனு எண்ணூறுன்னாலும் எடுக்க ஆளில்ல. ஊருக்குள்ள அந்தப் பதினோரு பேரும் ஆளுக்கு ஆளு விக்கப் பாக்கறாங்க, எல்லார் ஊட்டுலயும் கேனு. என்ற பங்காளி ஒருத்தன் கலியாணத்துல மொய்யாவே ஒரு கேனு வெச்சிருக்கறான். அப்பறம் நானுங்க முப்பத்தெட்டுக் கேனையும் சொட்டுநீர்ல கலந்து வாழைக்கே விட்டுப்போட்டேன். மூட்டை யூரியா வெச்சதுக்கு மேல இது. வாழை பாருங்க, தார் போடற நெனைப்பையே விட்டுருச்சு. எலை, எலை, எலைதான். ஒரு எலையை விரிச்சா நான் கால் நீட்டிப் படுக்கலாம். கலியாண மண்டபத்துக்காரரு வந்து பாத்து, இதுல பந்தி போட்டா ஒரு ஆளு எலைக்கு மூணு ஆளு சோறு போடோணுமுங்க, வேண்டாம்னு போயிட்டாரு.

சரி, ரூமு காலி. கழுவி, சாம்பிராணி போட்டு, கட்டலு போட்டு, மெத்தை விரிச்சு, தையல் மிசினையும் தூக்கி உள்ள வெச்சேன். அவளுக்குப் போனு போட்டேன். சாரதா, ரூமைக் காலி பண்ணிப்போட்டேன், ஏசி உனக்குத்தான், வந்துருன்னேன்.

"எனக்காகக் காலி பண்ணுனீங்களா?"

பொய்யி எனக்கு வராதுங்க. அக்டோபரோட தேதி முடிஞ்சுது புள்ள, அதான்னேன். வெச்சுட்டா.

நீங்க ஏன் இப்படித் தலையில கை வெக்கறீங்க? உள்ளதைத்தானுங்க சொன்னேன்.

அது ஆச்சு ஒரு மாசம். ஏசி ஓடிக்கிட்டேதான் இருக்குது. இப்பவும் ஓடுது. மழை பேஞ்சா என்னங்க, அவ எந்த நேரம் வருவாளோ, வாரப்ப ரூமு குளுந்து இருக்கோணுமில்ல? சரி, சும்மா ஓடுதேன்னு ஒருநாள் மத்தியானம் நான் போயி அந்தக் கட்டலுல படுத்துப் பாத்தேன். தூக்கம் வரல. மறுநாளும் படுத்தேன், வரல. கேனு நாத்தத்துக்குள்ள நாலு மணி நேரம் பொணமாட்டத் தூங்குனவனுங்க நான். என்னடா இதுன்னு யோசிச்சுப் பாத்தா, அப்பெல்லாம் வெளிய அவ பாத்திரத்தை டமார் டமார்னு போட்டுக்கிட்டு இருப்பா. வேணும்னேதான் போடுவா, எனக்குத் தெரியும். அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டே நான் தூங்கிருவேன். இப்ப அந்த ஏசி ஓடற சத்தந்தான் ஊடு பூரா. எந்திரிச்சுப் போயி நானே ரெண்டு பாத்திரத்தைப் போட்டுப் பாத்தனுங்க. அது அவ போடறாப்ல இல்ல. அங்கயே உக்காந்து அழுதுட்டேன். அம்பத்தொம்போது வயசு எனக்கு.

என்னங்க? இதையே அவகிட்டப் போயிச் சொல்லச் சொல்றீங்களா? நல்லாச் சொன்னீங்க போங்க. நீங்க அசலூர்க்காரரு, ஊதியூர்ல நான் எறங்கிப்போட்டா அப்பறம் உங்க மூஞ்சியில முழிக்கப் போறதில்ல, அதனால சொல்லிப்போட்டேன். கட்டி முப்பத்தி ரெண்டு வருசமாச்சு, இப்பப் போயி நீயில்லாமத் தூக்கம் வரலைன்னு சொன்னா, மச்சான் ஊட்டு ஆசாரத்துல, எல்லாரும் இருக்கறப்ப, அவ என்னைய என்னன்னு நெனைப்பா?

அந்தா, கண்டக்டரு விசிலு ஊதறாரு. சித்த காலை ஒதுக்கிக்கங்க, எறங்கிக்கறேன். கரண்டு பில்லு எகிறுது, வந்து நிறுத்து புள்ளைன்னு சொல்லிக் கூப்புட்டுப் பாக்கறேன். அதுதானுங்க மருவாதியா இருக்கும்.